கந்தைத் துணியும் கடன் கணக்கும்

வரலாறு என்றவுடன் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் தேடிச் செல்லும் பழக்கம் நம்மை விட்டு இன்னும் முற்றாக நீங்கவில்லை. உழைக்கும் மக்கள் எதைப் போர்த்துக்கொண்டு உறங்கினர், வீட்டு வளவில் எதைப் பயிரிட்டு உண்டனர் என்ற வினாக்கள் நமது பாடநூல்களில் எழுவதே அரிது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெண்கள் தைத்த போர்வைகளை ஈண்டு நாம் ஆராயப் புகுவது இக்குறை கருதியே.

அலபாமா ஆறு மூன்று புறமும் வளைந்து சூழ்ந்த நிலப்பரப்பு அது. 1816 இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கு பருத்தித் தோட்டம் அமைத்ததால் 'ஜீஸ் பென்ட்', அதாவது ஜீயின் வளைவு, எனப் பெயர் பெற்றது. 1845 இல் அத்தோட்டம் மார்க் பெற்வே என்ற உறவினர் கைக்கு மாறியது. அவருடைய அடிமைகள் ஏறக்குறைய நூறு பேர் வட கரோலினாவிலிருந்து கால்நடையாகவே அங்கு கொண்டுவரப்பட்டனர். அடிமைமுறை ஒழிந்தது, ஆனால் எசமானின் குடும்பப் பெயர் ஒழியவில்லை. இன்றும் அவ்வூரில் பலர் பெற்வேக்களே. விடுதலை பெற்ற அடிமை வாரக்குடியானான். நிலம் பிறருடையது, விதையும் உரமும் கடன், அறுவடை கடனுக்கு வட்டி.

இக்கடன் கணக்கின் கொடூரம் 1932 இல் உச்சத்தை எட்டியது. பருத்தி விலை வீழ்ச்சியுற்ற காலம் அது. அவ்வூராருக்குக் கடன் கொடுத்து வந்த வணிகர் ஒருவர் இறக்க, அவர்தம் குடும்பத்தினர் கடனை உடனே அறவிட முனைந்தனர். வண்டிகளுடன் வந்தவர்கள் மாடு, கோவேறு கழுதை, கலப்பை, சேமித்து வைத்த தானியம் யாவற்றையும் அள்ளிச் சென்றனர். ஏறத்தாழ அறுபது குடும்பங்கள் வெறுங்கையுடன் நின்றன. காட்டுப் பழங்களும் ஆற்று மீனும் செஞ்சிலுவைச் சங்கத்தார் அனுப்பிய மாவுமே அவர்களை அந்த மாரியில் காத்தன.

இத்தகைய வாழ்வில் போர்வை தைத்தல் பொழுதுபோக்காக இருந்திருத்தல் இயலுமா? பலகைச் சுவர்களின் இடுக்குகள் வழியே பனிக்காற்று புகும். அதைத் தடுக்கச் சுவரெங்கும் பழைய செய்தித்தாள்களையும் சஞ்சிகைத் தாள்களையும் ஒட்டினர்; 1937 இல் ஆர்தர் ரொத்ஸ்ரீன் அங்கெடுத்த புகைப்படங்களில் இதனைக் காணலாம். தாள் ஒட்டிய சுவருக்கு மேலாகப் போர்வையும் வேண்டியிருந்தது. அப்போர்வை மூன்று அடுக்குகளால் ஆயது. உழைத்துக் கிழிந்த காற்சட்டை, சட்டை, பாவாடை ஆகியவற்றின் துண்டுகளை இணைத்து மேற்புறம் அமைத்தனர். மாவுச் சாக்கும் உரச் சாக்கும் பிரிந்து அடிப்புறமாயின. நடுவே பரப்பிய பஞ்சு, பருத்தியாலையின் தரையிற் கூட்டியெடுத்த கழிவு. அதைத் தடியால் அடித்துத் தூசு போக்கினர். மேற்புறத்தை ஒருத்தி தனித்திருந்தே இணைப்பாள். மூன்று அடுக்கையும் சட்டத்தில் கட்டித் தைக்கும்போது அயற்பெண்கள் கூடுவர். பகலில் வயல்வேலை, மாலையில் அடுப்பு. எஞ்சிய இரவே தையலுக்கு. வத்தாளங்கிழங்கும் கச்சானும் சோளமும் கீரையும் விளைந்த வீட்டுத் தோட்டமும் பெரும்பாலும் இக்கைகளையே நம்பியிருந்தது. பருத்தி கடன்காரனுக்குப் போயிற்று. வயிற்றுக்கு எஞ்சியது இத்தோட்டமே.

அத்துணிகளின் நிறம் கடையில் தெரிந்தெடுத்ததன்று. முழங்காற் பகுதி தேய்ந்து வெளிறியிருக்கும். பை பிரித்தெடுத்த இடம் கருநீலமாக நிற்கும். 1942 இல் மிசூரி பெற்வே என்ற பெண், இறந்த கணவனின் வேலை உடைகளைக் கிழித்து மகளின் துணையுடன் ஒரு போர்வை தைத்தாள். அவனை நினைத்திருக்கவும், அவன் உடையின் கீழேயே உறங்கவும் அவள் விரும்பினாள் என்று அம்மகள் பிற்காலத்தில் கூறினாள். கையறுநிலைப் பாடல்களை மாணவருக்குக் கற்பிக்கும் நமக்கு, எழுத்தின்றித் துணியிற் செய்த இக்கையறுநிலை புதிதாயினும் அந்நியமாகத் தோன்றவில்லை.

1937 இல் மத்திய அரசு ஏறத்தாழ பத்தாயிரம் ஏக்கரை வாங்கியது. புதிய வீடுகளும் பள்ளிக்கூடமும் கட்டப்பட்டன. நாற்பதுகளில் குடியானவர்கள் குறைந்த வட்டிக் கடனில் நிலத்தை உரிமையாக்கினர். இந்நிலவுரிமையின் பெறுமதி அறுபதுகளிலேயே வெளிப்பட்டது. 1965 இன் தொடக்கத்தில், கறுப்பின மக்களே பெரும்பான்மையான வில்கொக்ஸ் மாவட்டத்தில் அம்மக்களுள் ஒருவரேனும் வாக்காளராகப் பதியப்பட்டிருக்கவில்லை. பதிவு செய்யத் துணிந்த அயலூர்க் குடியானவர்களை நிலச்சொந்தக்காரர்கள் வெளியேற்றினர். ஜீஸ் பென்ட் மக்களோ சொந்த நிலத்தில் நின்றனர். எனவே வேறு வழி காணப்பட்டது போலும்! மாவட்டத் தலைநகரான கம்டனுக்குச் செல்லும் தோணிச் சேவை 1962 இலேயே நின்றுவிட்டது. சில நிமிட ஆற்றுப் பயணம் ஏறக்குறைய நாற்பது மைல் தரைப் பயணமாயிற்று.

1966 இல் பிரான்சிஸ் வோல்ற்றர் என்ற பாதிரியாரின் முயற்சியுடன் அப்பகுதிப் பெண்கள் 'விடுதலைப் போர்வைச் சங்கம்' என்னும் கூட்டுறவு அமைப்பை நிறுவினர். நியூயோர்க்கில் போர்வைகள் ஏலத்தில் விற்றன. பல பெண்கள் தம் பெயரில் கூலிப்பணம் கண்டது அப்போதுதான். அப்பணத்துக்கு வேறொரு விலையும் இருந்தது. பெரிய விற்பனை நிலையங்கள் ஒரே மாதிரியான பொருள்களை வேண்டின. அளவும் நிறமும் தையலும் பிசகலாகாது. 1972 இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கோர்டுறோய்த் தலையணை உறைகள் தைக்கத் தொடங்கினர். தன் மனம்போல் துண்டுகளை இணைத்தவள் தொழிற்சாலைக் கைபோல் ஆனாள் என்று சிலர் வருந்துவர். அவ்வருத்தத்தை நாம் முழுவதும் ஏற்கவில்லை. வறுமையின் தனித்துவத்தை வியப்பது வறுமையறியாதவர்க்கு எளிது. மேலும், வெட்டி எஞ்சிய கோர்டுறோய்த் துண்டுகள் அப்பெண்களின் வீடுகளுக்குச் சென்று, எவருடைய அளவுக்கும் கட்டுப்படாத போர்வைகளாயின. அவற்றுட் சில பின்னர் அரும்பொருட் காட்சிச்சாலைகளை அடைந்தன.

2002 இல் ஹியூஸ்ரனிலும் பின்னர் நியூயோர்க்கின் விற்னி காட்சிச்சாலையிலும் இப்போர்வைகள் வைக்கப்பட்டன. நவீன ஓவியமேதை மத்தீசின் படைப்புகளோடு விமர்சகர்கள் அவற்றை ஒப்பிட்டனர். மத்தீசை அறியாதவர்கள் தம் கையால் அடைந்த சிறப்பை அளக்க மத்தீசு ஏன் வேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை. 2006 இல் அமெரிக்க அஞ்சல் துறை அப்போர்வைகளை முத்திரைகளாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு, தமக்குரிய பணம் வந்து சேரவில்லை என்று சில பெண்கள் நீதிமன்றம் சென்றனர். 2008 இல் வழக்குகள் இணக்கத்தில் முடிந்தன. கூட்டுறவு அமைப்பு 2012 இல் மூடப்பட்டது.

முத்திரைகள் வெளிவந்த அதே 2006 இலேதான் கம்டனுக்கான தோணிச் சேவையும் மீண்டது. அது நின்று நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.