புளூபேர்டு கே-7: ஒரு படகின் உரிமை வரலாறு

பழஞ்சுவடியை ஆராய்வோர் அதிலுள்ள பாடலோடு நின்றுவிடுவதில்லை. அதைப் படியெடுத்தவர் யார், காத்தவர் யார், எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என்பவற்றையும் தேடுவர். பழைய பந்தயப் படகுகளின் வரலாற்றை எழுதுவோர்க்கும் இக்கடமை உண்டு. இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியோடு பிணைந்துவிட்ட 'புளூபேர்டு கே-7' என்னும் படகின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இது நீரைக் கிழித்துச் செல்லும் படகன்று. வேகம் கூடியதும் முன்புறத்து இரு மிதவைகளும் பின்புறத்து ஒரு முனையும் மட்டுமே நீரைத் தொட, மேற்பரப்பில் வழுக்கி ஓடுவது. இவ்வகைப் படகை ஆங்கிலத்தில் ஹைட்ரோபிளேன் என்பர்.

அதன் உரிமையாளர் டொனால்டு கேம்பல். அவருடைய தந்தை சர் மால்கம் கேம்பல் 1939இல் இதே கோனிஸ்டன் ஏரியில், கே-4 என்னும் படகில் மணிக்கு 141.74 மைல் வேகம் எட்டிச் சாதனை நிறுவியவர். தந்தை 1948இன் இறுதி நாளில் மறைந்தார். அப்படகு மகனுக்கு இயல்பாக வந்து சேரவில்லை. விலை கொடுத்தே அவர் அதனைப் பெற்றார். 1951இல் அது விபத்தில் அழிந்தது.

அதன்பின் நாரிஸ் சகோதரர்களின் வடிவமைப்பில், ஜெட் எஞ்சினுடன் உருவானது கே-7. 1955 ஜூலை 23 அன்று அல்ஸ்வாட்டர் ஏரியில் அது மணிக்கு 202.32 மைல் வேகத்தை எட்டியது. 1964இன் கடைசி நாளில் ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் 276.33 மைல் வேகத்தோடு தன் ஏழாவது சாதனையை நிறுவியது. 1967 ஜனவரி 4 அன்று கோனிஸ்டனில் 300 மைலைத் தாண்ட முயன்றபோது, படகு மேலெழும்பிக் கவிழ்ந்து சிதைந்தது. கேம்பல் உயிரிழந்தார். படகும் அவர் உடலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஏரியின் அடியிலேயே கிடந்தன.

பொறியாளரும் நீர்மூழ்குநருமான பில் ஸ்மித்தின் குழு 2001 மார்ச்சில் படகை மேலே கொணர்ந்தது. மே மாதம் உடலும் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கோனிஸ்டன் ஊரிலேயே கேம்பல் அடக்கம் செய்யப்பட்டார். 2006இல் குடும்பத்தார் படகின் சிதைவுகளை அவ்வூரின் ரஸ்கின் அருங்காட்சியகத்திற்குக் கொடையாக அளித்தனர்.

சிக்கல் இதற்குப் பின்னரே தோன்றியது. ஸ்மித்தும் தன்னார்வலர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் படகை மீட்டுருவாக்கினர். இயன்ற இடங்களில் பழைய உலோகத்தையே பயன்படுத்தினர். இயலாத இடங்களில் புதியன செய்தனர். 2018 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் ஃபேட் ஏரியில் படகு மீண்டும் ஓடியது. ஆயின், புதிதாகச் செய்த பாகங்கள் எவருக்கு உரியவை என்னும் வினா அருங்காட்சியகத்திற்கும் மீட்டவர்க்கும் இடையே நெடிய பிணக்காக வளர்ந்தது. சட்ட நடவடிக்கை வரை சென்ற அப்பிணக்கு ஓய்ந்து, 2024 மார்ச் 9 அன்று படகு கோனிஸ்டனுக்குத் திரும்பியது.

உரிமை ஆவணத்தின்படி வழக்கு முடிந்தது. வரலாற்றின்படி முடிந்ததா? கொடுத்தவர் குடும்பத்தார், பெற்றது ஊர், உருக்கொடுத்தவை வேறு கைகள். இம்மூன்றில் ஒன்றை விட்டாலும் நாம் இன்று காணும் படகு இல்லை. ஆவணமோ ஒரு பெயரை மட்டுமே ஏற்கும். அருங்காட்சியகத்தின் உரிமையை இக்கூற்று குறைப்பதன்று. உரிமை என்னும் சொல் தாங்கக்கூடிய பொருளின் எல்லையையே சுட்டுகிறது.

நம் முன்னோர் இதற்கொரு வழி கண்டிருந்தனர். செல்லரித்த ஏட்டைப் புதிய ஓலையில் படியெடுத்தவர் நூலுக்கு உரிமை கொண்டாடவில்லை. ஆனால் இறுதி ஏட்டில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து வைத்தார். நூல் ஆசிரியருடையது, சுவடி வைத்திருப்பவருடையது, உழைப்பு எழுதியவருடையது என்னும் மூன்றும் அங்கே ஒன்றையொன்று மறுக்காமல் நின்றன. பழைய படகுகளின் உரிமை வரலாற்றை எழுதுவோரும் வாங்கியவர், விற்றவர் பட்டியலோடு நிறுத்தாமல், செப்பனிட்ட கைகளையும் குறிப்பிடுதல் வேண்டும். அதுவே நிறைவான வரலாறாகும்.