கறிவேப்பிலைச் செடியும் லத்தீன் வாத்தியாரும்

எங்க வீட்டு இரட்டை வாண்டுகளுக்கு இரண்டேகால் வயசு. புனேயில் பிறந்ததுகள். நான் "பட்டாம்பூச்சி" என்றால் "புல்பாக்ரு" என்று திருத்துவார்கள். உபயம்: பக்கத்து வீட்டு ஆஜி.

போன விடுமுறைக்கு மாமியார் வீடு, ஸ்ரீரங்கம். அங்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், மேலணைக் காப்புக்காட்டில் 25 ஏக்கருக்கு ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015ல் திறந்தது. ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போனோம். அரைமணியில் மூத்தவன் தோளிலேயே தூங்கிவிட்டான். இளையவளோ பறக்கிற எதையும் பார்க்கவில்லை. ஒரு செடிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். இலையில் ஒரு பச்சைப் புழு. செடி, கறிவேப்பிலை.

எனக்குச் சுருக்கென்றது. மாமியார் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த கறிவேப்பிலைக் கன்று எங்கள் புனே பால்கனியில் ஆறு வருஷமாக நிற்கிறது. அதில் வரும் இதே புழுவை வேப்பெண்ணெய் அடித்து ஒழிப்பதுதான் என் ஞாயிற்றுக்கிழமை ஆணி.

பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி தேன் குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட்டுக் குடித்தனம் நடத்த அதனதன் இலை வேண்டும். எருக்குக்கு ஒரு கூட்டம், எலுமிச்சை, கறிவேப்பிலைக்கு வேறு கூட்டம். மகாராஷ்டிரம் 2015ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த ப்ளூ மார்மனும் எலுமிச்சை வகையறா இலைக்காரர்தான். எந்தப் புழுவுக்கு எந்த இலை என்று தெரியாமல் இப்படி ஒரு பூங்கா போட முடியாது. இதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்த்து எழுதி வைத்தார்கள்? புனே திரும்பியதும் தேடினேன். மாட்டியவர்களில் ஒருவர் நம்மூர் வாத்தியார்!

எட்வர்ட் ஹாமில்டன் ஐட்கன். 1851ல் சாத்தாராவில் பிறந்த பாதிரியார் மகன். 1870 முதல் 1876 வரை புனே டெக்கான் கல்லூரியில் லத்தீன் சொல்லிக்கொடுத்தார். எரவாடா பக்கம் போகிறவர்கள் அந்தப் பழைய கல் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். திலகர் அங்கே படித்ததும் அந்தக் காலத்தில்தான்.

1876ல் வாத்தியார் வேலையை விட்டு சுங்கம், உப்பு இலாகாவில் சேர்ந்தார். 1883ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கிய எட்டுப் பேரில் இவரும் ஒருவர். (அந்த எட்டில் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் என்று இரண்டு இந்திய டாக்டர்களும் உண்டு. எனக்கு எந்தப் பாடப் புத்தகமும் இதைச் சொன்னதில்லை.)

வேலை அவரைக் கார்வாருக்குக் கொண்டுபோனது. அங்கே கலெக்டர் டேவிட்சன், காட்டிலாகா பெல், உப்பு இலாகா ஐட்கன் என்று ஒரு கூட்டணி. அன்றைக்குப் பட்டாம்பூச்சி ஆசை என்றால் பெரும்பாலும் வலையில் பிடித்து, ஊசி குத்தி, பெட்டியில் அடைப்பதுதான். இவர்கள் புழுவைத் தேடினார்கள். இலையோடு எடுத்துவந்து, தின்னக் கொடுத்து, கூட்டிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று காத்திருந்தார்கள். பகலில் ஃபைல், மிச்ச நேரமெல்லாம் புழு! 1896-97ல் வடகன்னட மாவட்டப் பட்டாம்பூச்சிகளைப் பற்றி மூவர் பெயரிலும் கழக இதழில் கட்டுரை வந்தது. அதில் புழு எப்படி இருக்கும், எதைத் தின்னும் என்ற விவரமும் இருந்தது.

ஐட்கன் 1909ல் எடின்பரோவில் காலமானார். அதே வருஷம் பெல், சமவெளிப் பட்டாம்பூச்சிகளைப் பற்றி ஒரு தொடர் ஆரம்பித்து 1927 வரை எழுதினார். ஓய்வுக்குப் பிறகும் சீமைக்குப் போகாமல் கார்வாரிலேயே இருந்துவிட்டார்.

நானும் வேப்பெண்ணெய் பாட்டிலைப் பரணில் போட்டேன். அடுத்த மாதமே மூன்று புழு. சின்னதில் காக்கா எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்தால் பச்சை. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். வாண்டுகளுக்கு அதுதான் பிடித்த விளையாட்டு. செடி மொட்டையானது. தங்கமணி முணுமுணுத்துக்கொண்டே காய்கறிக்காரியிடம் ரசத்துக்குக் 'கடிபத்தா' வாங்கினாள். இரண்டு புழுக்களைக் குருவி கொத்திப் போக, ஒன்று மட்டும் கூடு கட்டியது.

அது வெளியே வந்தது ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு. கறுப்பு இறக்கை, கீழே வெள்ளைப் புள்ளி வரிசை. வாண்டுகள் நல்ல தூக்கம். எழுப்பலாமா என்று தங்கமணியைப் பார்த்தேன். "எழுப்புங்க. அப்புறம் நாள் முழுக்க நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள்.

எட்டு மணிக்கு எழுந்த இளையவள் காலிக் கூட்டைக் காட்டி "புல்பாக்ரு?" என்றாள்.