நிலையற்ற குழாய் ஓட்டத்தை அலைவழி அளத்தல்

குழாயில் சீராக ஓடும் நீரை அளக்கக் கருவிகள் பல உண்டு. கணத்துக்குக் கணம் மாறும் ஓட்டத்தை அழுத்த அலையைப் படித்தே அளக்கலாம் என்பது அலைவழி அளவீட்டின் வாதம். வால்வு சட்டென மூடும்போது குழாய் அதிர்வதை 'நீர்ச்சுத்தி' என்பர். பொறியாளர்கள் நெடுங்காலம் அதைக் கேடாக மட்டுமே பார்த்தனர். ஆனால் குழாயில் அழுத்த அலை செல்லும் வேகம் பற்றிய ஆய்வு முன்பே தொடங்கியிருந்தது. தாமஸ் யங் 1808-இல் தமனியில் துடிப்பலை செல்லும் வேகத்தை ஆராய்ந்தார். டச்சு அறிஞர் கோர்த்வெக் 1878-இல், அலைவேகம் திரவத்தின் மீட்சியோடு குழாய்ச் சுவரின் மீட்சியையும் பொறுத்தது என்று காட்டினார்.

அலைவழி அளவீட்டுக்கான சான்றுகள் செறிந்திருப்பது 1897-98 ஆண்டுகளில்தான். மாஸ்கோவின் அலெக்சேயெவ்ஸ்காயா நீரேற்று நிலையத்தில் நிக்கோலாய் ஷுக்கோவ்ஸ்கி 2, 4, 6 அங்குலக் குழாய்களையும் 24 அங்குலப் பெருங்குழாயையும் சோதித்தார். அவர் தந்த சூத்திரப்படி, அழுத்த ஏற்றம் என்பது அடர்த்தி, அலைவேகம், திசைவேக மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்கம். அலைவேகம் நொடிக்கு 1,200 மீட்டராக உள்ள குழாயில், நீரின் வேகம் நொடிக்கு 1 மீட்டர் குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 12 பார் உயரும். கணக்கைத் திருப்பிப் போட்டால், அழுத்தப் பதிவே வேகமானியாகிவிடும். திரும்பிவரும் அலையின் வடிவைக் கொண்டு கசிவின் இடத்தைக் கண்டறியலாம் என்பதும் அவர் கண்டதே. மண்ணைத் தோண்டாமலே மண்ணுக்கடியில் நடப்பதை அறியும் அழகிய வழி அது. சூத்திரம் அவர் பெயரில் வழங்கினாலும், ரத்தத் துடிப்பை ஆராய்ந்த ஜெர்மானிய உடலியலாளர் ஃபான் கிரீஸ் 1883-இலேயே அதை எட்டியிருந்தார். அமெரிக்கர் ஃபிரிஸெல்லும் 1898-இல் தனியே வெளியிட்டார். முன்னுரிமை யாருக்கு என்பது எதை நிரூபணமாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. நீண்ட குழாய்களில் செய்த விரிவான சோதனை ஷுக்கோவ்ஸ்கியின் பக்கம் நிற்கிறது.

சூத்திரம் வேக மாற்றத்தை மட்டும்தானே தருகிறது, ஓட்டத்தை அல்லவே என்று கேட்கலாம். நயாகரா நீர்மின் பொறியாளர் நார்மன் கிப்சன் 1923-இல் வெளியிட்ட முறை இதற்கு விடை. கதவை மூடி ஓட்டத்தை முற்றாக நிறுத்தினால், மாற்றமே முழு ஓட்டமாகிவிடும். அழுத்தத்தைக் காட்டும் பாதரச மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை ஒளிப்படச் சுருளில் பதிந்து, அந்தப் பதிவின் வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கணக்கிட்டார். உராய்வு பற்றிய ஐயம் இதைவிட வலியது. வேகம் மாறும்போது சுவர் உராய்வு சீரான ஓட்டத்தின் விதிக்கு அடங்குவதில்லை. அது ஓட்டத்தின் கடந்தகால மாற்றங்களையும் சார்ந்தது என்று வெர்னர் சீல்கே 1968-இல் காட்டினார். ஆனால் அவர் தந்த மாதிரி அடுக்கு ஓட்டத்துக்கே பொருந்தும். கொந்தளிப்பு ஓட்டத்துக்குத் தோராய மாதிரிகளே உள்ளன, அவற்றுள் எது சிறந்தது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. 1960-களுக்குப் பின் இந்த அலைகளைக் கணினியில் கணிப்பது பரவியது. உராய்வு பற்றிய ஐயம் இருந்தும், பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60041 தரநிலை கிப்சன் முறையை ஏற்கிறது. ஆனால் மூடிய கதவில் கசியும் நீரைத் தனியே கண்டு விடையோடு கூட்டவேண்டும்.