இங்கிலீஷ் சாவியும் பின்சக்கர நட்டும்

பைக்கின் பின்சக்கர நட்டு கழல மறுத்தால் நம்மில் பலர் முதலில் பலத்தைக் கூட்டுகிறோம். ஸ்பானரின் மேல் ஏறி நின்று குதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மசியவில்லை என்றால் உளியும் சுத்தியலும் வரும். ஆறு மூலை நட்டு வட்டமாகிவிடும். பிறகு அதே நட்டைத் திரும்பப் போட்டு, சரியாக இறுகியதா என்று தெரியாமலே, மனைவி பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வரை போவோம். பல சமயம் குற்றம் துருவிலும் இல்லை, கைபலத்திலும் இல்லை. ஸ்பானரின் வாய் அளவில் இருக்கிறது. அந்த அளவுக்குப் பின்னால் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் நூறு வருஷத்துக்கு மேல் ஒத்துப்போகாத கதை ஒன்று உண்டு.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ஸ்பானரும் ஒரு சாவிதான். இரண்டுக்கும் 'க்ளே' என்ற ஒரே சொல். வாயை அகட்டிக் குறுக்கிக்கொள்ளும் ஸ்பானருக்கு 'க்ளே ஆங்கிளேஸ்', அதாவது இங்கிலீஷ் சாவி என்று பெயர். ஜெர்மானியர்களோ அந்த ஜாதிக் கருவிகளில் ஒன்றை 'இங்கிலீஷ்காரன்' என்றும் மற்றொன்றைப் 'பிரெஞ்சுக்காரன்' என்றும் அழைக்கிறார்கள். நம் பட்டறைகளில் அது ஸ்க்ரூ ஸ்பானர். பெயர் எதுவானாலும் பிடிவாதமான நட்டுக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. அதன் தாடை இழுக்கும்போது சற்று விலகும். நட்டின் மூலை மழுங்கும்.

ஒரு காலத்தில் நட்டும் போல்ட்டும் ஜோடியாகப் பிறந்தவை. ஒரு பட்டறையில் செய்த நட்டு அடுத்த பட்டறையின் போல்ட்டில் ஏறாது. கழற்றும்போது எது எதன் ஜோடி என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800 வாக்கில் மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1833-ல் மான்செஸ்டரில் தனிப் பட்டறை போட்டார். பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அளந்து, சராசரி பார்த்து, 1841-ல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. ஒவ்வொரு தடிமனுக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், இருப்பதை ஒழுங்கு செய்தார். எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு அவரைப் பிடிக்காமல் போகாது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை டெலாம்பரும் மெஷேனும் 1792 முதல் ஆறேழு வருஷம் அலைந்து பூமியையே அளந்து மீட்டரைக் கொடுத்த நாடு பிரான்ஸ். 1840 ஜனவரி 1 முதல் அங்கே மீட்டர் முறை கட்டாயமாகவும் ஆயிற்று. ஆனால் மரைக்கு மட்டும் பிரான்சில் பொது ஒழுங்கு வர 1894 ஆயிற்று. துணியையும் நிலத்தையும் மீட்டரில் அளந்தவர்கள், நட்டை ஆளுக்கொரு விதமாக முறுக்கிக்கொண்டிருந்தார்கள். 1898-ல் சூரிக் மாநாட்டில் ஐரோப்பிய நாடுகள் மீட்டர் மரைக்கு ஒப்புக்கொண்டன. கோணம் 60 டிகிரி. அது அமெரிக்கர் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் சொன்ன கோணம். அங்குலம் இங்கிலீஷ்காரனோடும் மீட்டர் மற்றவர்களோடும் தனித்தனியே வளர்ந்தன.

நம் ஊர் இதை எல்லைக்கு இருபுறமும் கண்டது. பிரெஞ்சுப் புதுச்சேரியில் மீட்டரும் கிலோவும். எல்லையைத் தாண்டினால் அங்குலமும் ராத்தலும். 1954-ல் ஆட்சி மாறியது. இரண்டு வருஷம் கழித்து, 1956-ல், இந்தியா மீட்டர் முறைக்குச் சட்டம் செய்தது. நாங்கள் அங்குலத்துக்கு மாற வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தால், இந்தியா எங்கள் அளவுக்கு வந்து சேர்ந்தது!

நட்டுகள் மட்டும் சட்டத்துக்கு உடனே கட்டுப்படவில்லை. மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டோடு 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரிலிருந்து வந்த புல்லட் பிறப்பால் இங்கிலீஷ் வண்டி. அதன் மரைகளும் அங்குல மரைகள்; பல காலம் அப்படியே தொடர்ந்தன. 1984, 85-ல் இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று ஜப்பான் வழி வண்டிகள் வந்தன. அவற்றில் எல்லாம் மில்லிமீட்டர். வீடுகளில் மில்லிமீட்டர் ஸ்பானர் செட் புகுந்தது. பழைய புல்லட்டோ ஷெட்டில் அங்குலத்தோடு நின்றது.

இங்கேதான் மூலை மழுங்குகிறது. விட்வொர்த் ஸ்பானரில் எழுதியிருக்கும் எண் வாயின் அகலம் அல்ல, போல்ட்டின் தடிமன். 1/2 டபிள்யூ என்று முத்திரை குத்திய பழைய ஸ்பானரின் வாய் 0.92 அங்குலம், அதாவது 23.4 மில்லிமீட்டர். 23 ஏறாது. 24 ஏறும், கைக்குச் சரி போலவும் தோன்றும். ஆனால் அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. லேசான நட்டு அதைப் பொறுத்துக்கொள்ளும். துருப்பிடித்த பின்சக்கர நட்டில் முழு பாரமும் ஆறு மூலைகளின் நுனியில் விழுகிறது. ஆகவே பழைய வண்டி என்றால் முதலில் நட்டின் தட்டையான எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே காலிப்பர் வைத்து அளந்துவிடுங்கள்.

மற்றவை எளிது. ஸ்பிளிட் பின் இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். துரு இரும்பைவிட அதிக இடம் அடைக்கும். அதனால்தான் மரை இறுகுகிறது. காலையில் நட்டின் பக்கங்களில் சிறு சுத்தியலால் நாலைந்து தட்டு. பிறகு ஆறு மூலை ரிங் ஸ்பானர் அல்லது பாக்ஸ் ஸ்பானர். ஆக்சிலின் மறுமுனையை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஒரு அடி ஸ்பானரில் இரண்டடி நீளத்துக்குக் குழாய் மாட்டினால் அதே கைக்கு இரட்டைத் திருப்பு விசை. சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டி முன்னால் உருண்டு இறங்கலாம். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். தீ வைத்துச் சூடாக்குவதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள். டயரும் பெட்ரோலும் பக்கத்திலேயே இருக்கின்றன. மூலை போன நட்டைத் திரும்பப் போடாதீர்கள். புது நட்டின் விலை ஒன்றும் பெரிதில்லை.

கழற்றிய சக்கரத்தின் டயரைக் கொஞ்சம் பாருங்கள். 100/90-18 என்று இருந்தால் 100 என்பது மில்லிமீட்டரில் அகலம், 18 என்பது அங்குலத்தில் ரிம். நட்டுக்குப் போட்ட 24 மில்லிமீட்டர் பாக்ஸையும் திருப்பிப் பாருங்கள். கைப்பிடி நுழையும் சதுரத் துளை 1/2 அங்குலம். பிரான்சில் விற்கும் பாக்ஸிலும் அதே 1/2 அங்குலம்தான்.