குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடு: பணம் எங்கிருந்து வருது? பட்ஜெட்டில் அதற்குப் பாதுகாப்பு இருக்கா?

2015 ஜூன். ஓமலூரைச் சேர்ந்த பட்டியலின இளைஞர் ஒருவரின் உடல், நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. தமிழ்நாட்டையே உலுக்கிய அந்தக் கொலை வழக்கில் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது 2022 மார்ச்சில். ஏறக்குறைய ஆறே முக்கால் ஆண்டுகள்! இப்படித் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் அதுவரை எதை வைத்துப் பிழைக்கும்? அதற்காகத்தான் அரசு இழப்பீடு. ஆனா, அந்தப் பணம் பெரும்பாலும் பட்ஜெட்டை நம்பித்தான் இருக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவு 2009 டிசம்பர் 31-ல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாநிலமும் இழப்பீட்டுத் திட்டம் வகுத்து, அதற்கு நிதி தர வேண்டும் என்றது அது. தமிழ்நாடு 2013-ல் தனது திட்டத்தை அறிவித்தது. 2024 ஜூலை 1 முதல் இதே ஏற்பாடு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-வது பிரிவில் இருக்கிறது.

குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம். விசாரணையை 2 மாதத்தில் முடித்து மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தொகையை முடிவு செய்ய வேண்டும். அவசரத் தேவைக்கு இடைக்கால நிவாரணமும் உண்டு.

பணம் எந்தெந்த வழியில் வருது?

• மாநில பட்ஜெட் ஒதுக்கீடு: இதுதான் முதுகெலும்பு.
• குற்றவாளிகள் கட்டும் அபராதம், நன்கொடை: பெண்களுக்கான 2018-ம் ஆண்டு தேசிய மாதிரித் திட்டம் இவற்றையும் நிதியில் சேர்க்கச் சொல்கிறது.
• மத்திய அரசு: 2013-ல் ரூ.1,000 கோடியுடன் தொடங்கிய நிர்பயா நிதியிலிருந்து, மாநிலங்களின் இழப்பீட்டு நிதிக்கு ரூ.200 கோடி வழங்கப்பட்டது. ஆனா, அது ஒருமுறை மட்டுமே.

வன்கொடுமை வழக்குகளுக்கு வழி தனி. 2016-ல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, கொலை நடந்தால் நிவாரணம் ரூ.8.25 லட்சம். பாதி பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு, மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாநில அரசு இதைவிடக் கூடுதலாகவும் தரலாம்.

பட்ஜெட்டில் சிக்கல் எங்கே?

பட்ஜெட் தாக்கலானதும், ஒவ்வொரு துறைக்கான தொகையும் மானியக் கோரிக்கையாக சட்டப்பேரவையில் வாக்கெடுப்புக்கு வரும். பேரவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது! அரசமைப்புச் சட்டத்தின் 203-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதனால் ஒதுக்கீடு போதவில்லை என்றால், எம்.எல்.ஏ. கேள்வி எழுப்பலாம், அழுத்தம் கொடுக்கலாம். தொகையை உயர்த்த வேண்டியது அரசுதான்.

குற்றங்களோ பட்ஜெட்டைப் பார்த்து நடப்பதில்லை. நடுவில் நிதி தீர்ந்தால் துணை மதிப்பீடு மூலம் கூடுதல் ஒதுக்கீடு கேட்கலாம். அது வரும்வரை உத்தரவு கையில் இருக்கும், பணம் இருக்காது. மறுபக்கம், மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். விண்ணப்பங்கள் தேங்கினால், 'தேவை குறைவு' என்று அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையவும் இதுவே காரணமாகலாம்.

தேவை கூடவே வாய்ப்பு அதிகம். பெண்கள், குழந்தைகள் மீதான பாலியல் தாக்குதல் போன்ற வழக்குகளில், தண்டனையோ விடுதலையோ எந்தத் தீர்ப்பானாலும் இழப்பீடு குறித்தும் அமர்வு நீதிமன்றங்கள் உத்தரவிட வேண்டும் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

பாதுகாக்க வழி இருக்கா?

நீதிபதிகளின் சம்பளம், நீதிமன்றத் தீர்ப்புப்படி அரசு தர வேண்டிய தொகை போன்றவை 202-வது பிரிவின்படி வாக்கெடுப்புக்கு உட்படாத செலவுகள். இழப்பீட்டுத் திட்ட நிதிக்கும் அப்படியொரு உறுதி தரலாம். அல்லது ஆண்டு முடிந்தாலும் காலாவதியாகாத தனி நிதியாக வைக்கலாம்.

தனி நிதி மட்டும் இருந்தால் போதுமா? அமெரிக்காவில் 1984 முதல் வரிப்பணத்தை நம்பாமல், குற்றவாளிகளின் அபராதத்தில் ஒரு நிதி இயங்குகிறது. அபராத வசூல் சரிந்தபோது அதுவும் தடுமாறியது. வரத்தை உயர்த்த 2021-ல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. ஆக, தனி நிதியும் வேண்டும், அதற்கு ஆண்டுதோறும் பட்ஜெட் ஆதரவும் வேண்டும்.

சேலம், நாமக்கல் மக்கள் எங்கே போகணும்?

• சேலம், நாமக்கல் நீதிமன்ற வளாகங்களில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு.
• ஆத்தூர், மேட்டூர், ராசிபுரம், திருச்செங்கோடு போன்ற ஊர்களில் வட்ட சட்டப் பணிகள் குழு.
• இலவச சட்ட உதவி எண்: 15100.

எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீங்க. உங்கள் விண்ணப்பம் பதிவானால்தான், இவ்வளவு பணம் தேவை என்ற கணக்கும் அரசுக்குப் போகும்.