காஞ்சித் தீர்மானத்தில் மூன்றாவது பெயர்

1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டைப் பற்றி நம்மிடம் ஒரே ஒரு கதைதான் உலவுகிறது. ஈ.வெ.ரா. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் கொண்டுவந்தார். மாநாட்டுத் தலைவர் திரு.வி.க. அனுமதி மறுத்தார். ஈ.வெ.ரா. வெளியேறினார். பார்ப்பனர் ஒரு பக்கம், பார்ப்பனரல்லாதார் ஒரு பக்கம், கதை முடிந்தது. ஆனால் அந்தத் தீர்மானத்தில் இருந்தவை மூன்று பெயர்கள்: பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார், தீண்டாதார். மூணாவது ஆள் எங்க போனான்? கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

சுயாட்சி என்ற பேச்சு இந்த மாகாணத்திற்கு அயர்லாந்து வழியாக வந்தது. 1916 ஏப்ரலில் டப்ளினில் கலகம் வெடித்தது. அதே செப்டம்பரில் சென்னையில் அன்னி பெசன்ட் 'ஹோம் ரூல்' இயக்கம் கண்டார். பெயரே ஐரிஷ்காரர்களிடம் எடுத்ததுதான். அந்த அம்மையாரும் ஐரிஷ் வழி வந்தவர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைச் சுத்தமாகப் பழக்குகிறவரைக்கும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக் கூடாது என்று 1909இல் எழுதியவரும் அவரேதான்.

அயர்லாந்தில் பிற்பாடு நடந்ததை நம் தேசியவாதிகள் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1921 டிசம்பரில் பிரிட்டனோடு ஒப்பந்தம். 1922 ஜனவரியில் அவர்களுடைய சபை அதை 64க்கு 57 என்ற கணக்கில் ஏற்றது. ஜூன் மாதம், நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்கள் ஒருவரையொருவர் சுட ஆரம்பித்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மைக்கேல் காலின்ஸ் ஆகஸ்டில் கொல்லப்பட்டார். 1923 மே வரை நீடித்த சண்டையில் புதிய சுதந்திர அரசு தன் சொந்த ஜனங்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு மரணதண்டனை நிறைவேற்றியது. மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுப்பதா கூடாதா என்பது சண்டையின் மையம். நிலமில்லாத கூலிக்காரனின் கேள்வி அந்த மையத்துக்கு வரவேயில்லை. 1923இல் வாட்டர்ஃபோர்டு பக்கம் பண்ணைக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, பண்ணைக்காரர்களுக்குக் காவலாக அந்தச் சுதந்திர அரசு ராணுவத்தை அனுப்பியது. வெள்ளைக்காரன் போனான், பண்ணையார் இருந்தான்.

இங்கே இரட்டை ஆட்சியின்கீழ் 1920 டிசம்பரில் ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை அமைந்தது. பாதி அதிகாரம்தான், ஆனாலும் சுயாட்சியின் முதல் படி. ஆறு மாதம் ஆகவில்லை, 1921 ஜூனில் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் தகராறு. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். துரோகி என்றார்கள். நாலு நாள் கூலி நின்னா அடுப்பு எரியாத குடிசைக்காரனிடம், ஊரில் ஒதுக்கி வைத்தவன் திடீரென்று வந்து 'தோழா' என்றால் அவன் என்ன செய்வான்? புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. பதிலடியும் விழுந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மாதக்கணக்கில் ஓடிய இதற்கு வரலாற்றில் 'கலவரம்' என்று பெயர். இரண்டு சமூகங்கள் தெருவில் மோதிக்கொண்ட அதை உள்நாட்டுப் போர் என்று யாரும் எழுதவில்லை. இறந்தவர்கள் எண்ணிக்கை சின்னது என்பதாலா, இறந்தவர்கள் யார் என்பதாலா?

அன்று ஆளும் ஜஸ்டிஸ் கட்சியின் தலைமை, அதிகாரிகள் ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததே எல்லாவற்றுக்கும் காரணம் என்றது. காங்கிரஸ்காரர்கள் வேலைநிறுத்தத்தின் பக்கம். ஒருவரையொருவர் பரம எதிரி என்று ஏசிக்கொண்ட இரண்டு கட்சியும் சேரிக்கு எதிராக ஒரே இடத்தில் வந்து நின்ற நேரம் அது. சட்டசபையில் ஆதிதிராவிடர் தரப்பைப் பேசிய எம்.சி. ராஜா 1923இல் ஜஸ்டிஸ் கட்சியை விட்டு வெளியே வந்தார். வெளிநடப்பு என்றால் நமக்கு ஈ.வெ.ரா.வின் வெளிநடப்புதான் ஞாபகம் வருகிறது. ராஜாவினுடையது அதற்கு இரண்டு வருஷம் முந்தியது.

சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முக்கியத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. காஞ்சிபுரத்தில் தலைமை நாற்காலியில் இருந்தவரும் அவர்தான். நல்ல மனுஷர், எளிமையானவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் புளியந்தோப்பைப் பார்த்தவருக்கே, தீண்டாதாருக்கு என்று தனியாக இடம் ஏன் கேட்க வேண்டியிருக்கிறது என்பது பிடிபடவில்லை என்றால், மற்றவர்களைச் சொல்லி என்ன? இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தச் செங்கல்பட்டு ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன், பொதுத்தெரு, பொதுக்கிணறு யாவும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இலேயே சட்டசபையில் நிறைவேற்ற வைத்திருந்தார். காஞ்சி மாநாடு கூடியபோது அது ஒரு வருஷப் பழைய செய்தி.

வகுப்புவாரி ஏற்பாடு 1928இல் முத்தையா முதலியார் கையால் நடைமுறைக்கு வந்தது. 12 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியர்களுக்கு 2. மீதி 1 தாழ்த்தப்பட்டோருக்கு. அந்த ஒன்றையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் மூன்றில் ஒரு பெயராக இருந்தவன் பன்னிரண்டில் ஒன்று ஆனான் என்பதைக் கணக்கில் எழுதி வைக்க வேண்டும்.

1937இல் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. ராஜாஜி முதல் மந்திரி. மறுவருஷம் எம்.சி. ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். மாகாணம் முழுசுக்கும் வேண்டாம், மலபாருக்கு மட்டும் தனியாகப் பார்க்கலாம் என்று ராஜாஜி எதிர்த்தார். சபை மசோதாவைத் தோற்கடித்தது. ராஜா காந்திக்கு எழுதினார். காந்தி ராஜாஜி பக்கமே நின்றார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் அந்தக் காந்தியின் உயிரைக் காப்பாற்றக் கையெழுத்திட்டவர்களில் ராஜாவும் ஒருவர்.

ராஜா 1943இல் இறந்தார். மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல், ஓமந்தூரார் ஆட்சியில்தான் வந்தது.