நெய்தல் நிலத்தில் பனை: தென்பாண்டிக் கடற்கரையில் பதநீர்த் தொழிலின் வரலாறு

முன்னுரை

இராமநாதபுரம் தொடங்கித் தூத்துக்குடி, திருச்செந்தூர், உடன்குடி, திசையன்விளை வழியாகக் குமரிமுனை வரை நீளும் கடற்கரைப் பகுதியில் மீன்பிடித்தல், உப்பு விளைவித்தல், பனையேறுதல் ஆகிய மூன்று தொழில்களும் நெடுங்காலமாக அடுத்தடுத்து நிலவி வந்துள்ளன. இவற்றுள் பனைத்தொழில் ‘துணைத்தொழில்’ என்றே அரசு ஆவணங்களிலும் ஆய்வுகளிலும் பெரும்பாலும் சுட்டப்படுகின்றது. பருவத்தொழில் என்ற அளவில் இச்சொல் பொருந்தும். ஆயின் ஆண்டு முழுவதும் ஒரு குடும்பம் உயிர்வாழ்ந்த முறையை நோக்கின், அது முழுமையான விளக்கமாகாது. பதநீரை மக்கள் உணவாகக் கண்டனர். அரசோ அதனை மதுவின் தொடக்கநிலையாகக் கண்டது. இவ்விரு பார்வைகளுக்கும் இடையிலான முரணே இத்தொழிலின் வரலாற்றைத் தீர்மானித்தது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியமும் செப்பேடுகளும்

சங்க இலக்கியத்தில் பனை ‘பெண்ணை’ என்னும் பெயரால் நெய்தல் திணைப் பாடல்களில் பயின்று வருகின்றது. பெண்ணையில் கூடுகட்டி வாழும் அன்றில், பனைமடலால் குதிரை செய்து ஊரும் மடலேற்றம் ஆகியவை கடற்கரை வாழ்வோடு இம்மரம் கொண்டிருந்த நெருக்கத்தைக் காட்டுகின்றன. புறநானூற்றின் 24ஆம் பாடலில் மாங்குடி கிழார், மதுவுண்டு ஆடும் பரதவரையும், பனை நுங்கின் நீர், கருப்பஞ்சாறு, தெங்கின் இளநீர் ஆகிய மூன்றும் கலந்த பானத்தையும் ஒரே கடற்கரைக் காட்சியில் வைத்துப் பாடுகின்றார். கடல் தரும் பொருளும் மரம் தரும் பொருளும் ஒரே சமூகத்தின் நுகர்வில் இணைந்திருந்தமைக்கு இப்பாடல் பழைமையான சான்றாகும்.

அரசு இத்தொழிலின்மீது கைவைத்தமைக்கான சான்றுகள் செப்பேடுகளில் கிடைக்கின்றன. பல்லவர் செப்பேடுகளின் வரிப்பட்டியலில் ஈழம்பூட்சி என்னும் வரி இடம்பெறுகின்றது. ஈழம் என்பது இங்குக் கள்ளைக் குறிக்கும். கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு, கொல்லம் துறைமுகத்தில் பள்ளிக்கு உரியவராக்கப்பட்ட ஈழவர்களுக்கு ஏணிக்காணம் முதலிய வரிகளிலிருந்து விலக்கு அளிக்கின்றது. மரம் ஏறுவோர் பயன்படுத்தும் ஏணியின் பெயராலேயே வரி அமைந்தமை கருதத்தக்கது. சோழர் காலப் பிரமதேயக் கொடைகளிலோ, அவ்வூர்த் தென்னை, பனைகளில் ஈழவர் ஏறலாகாது என்னும் விதி காணப்படுகின்றது. ஆகவே மரத்தில் ஏறும் உரிமையை வழங்குவதும் மறுப்பதும் அதிகாரத்தின் ஓர் அடையாளமாக ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விளங்கியது எனலாம்.

தொழில்முறையும் ஆண்டுச் சுழற்சியும்

தென்மாவட்டங்களில் பதநீர் இறக்கும் பருவம் பெரும்பாலும் மாசியில் தொடங்கி ஆடியில் முடிவடைகின்றது. ஆண்பனை, பெண்பனை ஆகிய இரண்டின் பாளைகளிலிருந்தும் சாறு பெறப்படும். பனையேறி காலில் தளைநார் இட்டு, முறுக்குத்தடியை மரத்தில் சாய்த்து ஏறுவார். இடையில் தொங்கும் அருவாள்பெட்டியில் பாளை அருவாளும் கடிப்பும் இருக்கும். கடிப்பால் பாளையை நெருக்கிப் பதப்படுத்தி, நாள்தோறும் நுனியை மெல்லியதாகச் சீவினால்தான் சாறு தொடர்ந்து சுரக்கும். முப்பது, நாற்பது மரங்களில் காலையும் மாலையும் ஏறி இறங்குவது ஒருவரின் நாளாந்த உழைப்பாகும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிடின் கள்ளாக மாறும். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளிக்கும்; மிகுந்தால் கருப்பட்டியின் நிறமும் சுவையும் கெடும். இவ்வளவு நுண்ணிய கைப்பழக்கமே பின்னாளில் குற்றத்திற்கும் குற்றமின்மைக்கும் இடையிலான எல்லைக்கோடாக ஆக்கப்பட்டது.

இறக்கிய பதநீர் காத்திருக்காது. அன்றே காய்ச்சப்பட வேண்டும். இப்பணி பெண்களுடையது. தேரிக்காட்டில் பருவகாலத்தில் அமைக்கப்படும் விடிலி என்னும் ஓலைக்குடிலில், உடைமர விறகும் காய்ந்த ஓலையும் திரட்டி, மணிக்கணக்கில் அனலருகே நின்று பாகு பதம் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டி வார்ப்பர். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் தேவைப்படும். மரத்திற்கு வரி விதித்த ஆவணங்களில் ஏறும் ஆடவரின் தொழிலே பதிவாகியுள்ளது. விற்பனைப் பொருளை உருவாக்கிய பெண்களின் உழைப்பிற்கு அவற்றில் இடமில்லை.

பதநீர்ப் பருவத்துடன் பனையின் பயன் முடிவதில்லை. சித்திரை முதல் ஆனி வரை நுங்கும், ஆடி, ஆவணியில் பனம்பழமும், விதையைப் புதைத்து மார்கழி, தை மாதங்களில் பனங்கிழங்கும் கிடைக்கின்றன. ஓலை, நார், மட்டை ஆகியன ஆண்டு முழுவதும் பயன்படுகின்றன. அடுப்பின் மேலே புகைபடும்படி வைக்கப்பட்ட கருப்பட்டி மழைக்காலம் வரை கெடாதிருக்கும். வேறு வருவாய் குன்றிய மாதங்களில் அதுவே உணவாகவும் கைமாற்றுப் பொருளாகவும் உதவியது.

கடலோடு கொண்ட உறவு

துணைத்தொழில் என்பது இக்கடற்கரையில் இரு நிலைகளில் இயங்கியது. இராமநாதபுரத்தின் வறண்ட பகுதிகளில் மானாவாரி வேளாண்மை செய்யும் குடும்பமே கோடையில் பனையும் ஏறியது. இங்குத் துணைமை குடும்பத்திற்குள் அமைந்தது. திருச்செந்தூர்க் கடற்கரையிலோ மீன்பிடிப்போர் பரதவராகவும் பனையேறுவோர் நாடாராகவும் பெரிதும் பிரிந்திருந்தனர். இங்குத் துணைமை ஊர்களுக்கிடையிலான பரிமாற்றமாக அமைந்தது. பதநீரும் கருப்பட்டியும் கடற்கரைக்குச் சென்றன. மீனும் கருவாடும் தேரிக்கு வந்தன. மீன் சுமக்கும் ஓலைப்பெட்டியும், கருவாடு கட்டும் பாயும், குடிசைக்கூரையும் பனையிலிருந்தே கிடைத்தன.

தென்மேற்குக் காற்று வலுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் கட்டுமரங்கள் பல நாட்கள் கரையில் கிடப்பதுண்டு. பதநீர்ப் பருவம் அக்காலம் வரை நீள்வதால், கடல் கைவிட்ட நாட்களை மரம் ஓரளவு ஈடுசெய்தது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் 2001ஆம் ஆண்டு முதல் 45 நாட்களாகவும், 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாட்களாகவும் நடைமுறையில் உள்ளது. இக்காலமும் பதநீர் மிகுதியாகச் சுரக்கும் காலமும் ஒன்றே. பழைய கடற்கரைப் பொருளாதாரத்தில் இவ்விடைவெளியை நிரப்பிய தொழில் நலிந்த பின்னரே தடைக்கால உதவித்தொகை இன்றியமையாததாயிற்று என்பது எண்ணத்தக்கது.

குடியேற்ற ஆட்சிக்காலம்

1841இல் இடையன்குடியில் குடியேறிய கால்டுவெல், 1849இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணார் பற்றிய சிறுநூலில் பனைத்தொழிலை விரிவாக விவரித்துள்ளார். பதநீர் அம்மக்களின் காலை உணவாக விளங்கியதை அந்நூலால் அறியலாம். எனினும் அச்சமூகத்தைப் பற்றி அவர் கூறிய இழிவான மதிப்பீடுகள் அச்சமூகத்தாரின் கடும் எதிர்ப்பிற்கு உள்ளாயின. எனவே அந்நூலின் தொழில்சார் செய்திகளை ஏற்கும்போதும் சமூகம் பற்றிய தீர்ப்புகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

மரங்கள் பெரும்பாலும் ஏறுவோருக்குச் சொந்தமானவை அல்ல. பாட்டத்திற்கு எடுத்த மரத்திற்குக் கருப்பட்டியாகவோ பணமாகவோ குத்தகை அளக்கப்பட்டது. சில ஊர்களில் ஒருநாள் பதநீர் உடையவருக்கும் மறுநாள் பதநீர் ஏறுபவருக்கும் உரியதாயிற்று. வணிகரிடம் பெற்ற முன்பணம், விளைபொருளின் விலையைப் பருவம் தொடங்கும் முன்பே முடிவுசெய்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குலசேகரப்பட்டினத்தில் பாரி நிறுவனத்தைச் சார்ந்த சர்க்கரை ஆலை கருப்பட்டியை மூலப்பொருளாகக் கொண்டு இயங்கியது. அதனையொட்டி ஓடிய சிற்றிருப்புப்பாதை 1940இல் மூடப்பட்டது. விடிலியின் விளைபொருள் ஆலைத்தொழில் வரை எட்டியதற்கு இது சான்றாகும்.

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டமும் அதன்வழி வளர்ந்த மரவரி முறையும் பனையை மதுவருவாயின் கணக்கிற்குள் கொண்டுவந்தன. அதன் பின்னர், கலயத்தில் உள்ளது பதநீரா கள்ளா என்பதே அரசின் முதன்மை வினாவாயிற்று.

மதுவிலக்கும் பதநீரும்

1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. கள்ளிறக்குவோரின் மறுவாழ்விற்காகப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊக்குவிக்கப்பட்டன. 1934இல் காந்தியடிகளின் முயற்சியால் தோன்றிய அகில இந்தியக் கிராமத்தொழில் சங்கத்தின் பனைவெல்லப் பணி இதற்கு முன்மாதிரியாக இருந்தது. எனினும் பதநீர் இறக்குதல் உரிமம் சார்ந்த தொழிலாகவே நீடித்தது. சுண்ணாம்பு போதிய அளவு தடவப்பட்டதா என ஆராயும் அதிகாரம் காவலரிடம் இருந்தமையால், வெயிலில் பதநீர் சற்றுப் புளித்தாலும் பனையேறி ஐயத்திற்கு உரியவராக நின்றார்.

1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டு, ஈராண்டில் கள்ளுக்கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் மறுபடி திறக்கப்பட்டு, 1987 தொடக்கத்தில் கள் தடைசெய்யப்பட்டது. இம்மாற்றங்கள் அனைத்திலும் கள்ளே பேசுபொருளாயிற்று. கருப்பட்டி காய்ச்சிய குடும்பம் கொள்கையின் மையத்திற்கு வரவில்லை. கரும்புச் சர்க்கரையின் மலிவு, கருப்பட்டியில் அதைக் கலக்கும் வழக்கம், செங்கற்சூளைகளுக்காக மரங்கள் வெட்டப்பட்டமை, மரமேறுதலின் இடர், அதனோடு ஒட்டப்பட்ட சாதி இழிவு ஆகியவை சேர்ந்து அடுத்த தலைமுறையைத் தொழிலிலிருந்து விலக்கின. கல்வி பெற்றோர் விலகியதை இழப்பு என மட்டும் கருதுதல் பொருந்தாது. அது பலருக்கு விடுதலையுமாகும்.

இதனோடு யாழ்ப்பாணத்து நிலையை ஒப்பிடலாம். அங்குக் கள் சட்டத்திற்கு உட்பட்ட பொருளாக நிலவியது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. வடமராட்சியின் திக்கம் வடிசாலையில் கள் வடிக்கப்பட்டது. கள்ளும் பதநீரும் ஒரே தொழிலின் இரு விளைவுகளாக அங்கு ஏற்கப்பட்டன.

முடிவுரை

1978இல் பனை தமிழகத்தின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. கருப்பட்டி ஆலை இயங்கிய குலசேகரப்பட்டினத்தில் 2024இல் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. குறியீடு பொருளின் பெயரைக் காக்கும். விதை நடுதல் மரத்தைக் காக்கும். ஏறுபவருக்கு இடரற்ற கருவி, காய்ச்சும் பெண்ணுக்கு உரிய கூலி, பதநீரை உணவாக நோக்கும் சட்டம் ஆகிய மூன்றுமே தொழிலைக் காக்க வல்லவை.

செப்பேட்டுக் காலம் முதல் மதுவிலக்குக் காலம் வரை பனஞ்சாறு வரிக்குரியதாகவும் குற்றத்திற்குரியதாகவும் அளக்கப்பட்டது. கடற்கரை மக்கள் அதனைக் கோடையின் உணவாகவும் மழைக்காலத்தின் சேமிப்பாகவும் அளந்தனர். இவ்விரண்டாம் அளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, துணைத்தொழில் எனப்பட்டது நெய்தல் நில வாழ்வின் ஆண்டுச் சுழற்சியைத் தாங்கிய தூண்களுள் ஒன்று என்பது புலனாகின்றது.